என் கழுத்தை நம்பிப் பதினான்கு பேர்

செப்டம்பர் 14, ஞாயிறு

காலையில் சாரல். எட்டு மணிக்கு மேல் வெயில். ஜீப்புக்கு இன்று ஓய்வு, எனக்கு இல்லை. பின் டயர் ஒன்று மாற்ற வேண்டும். தார்ப்பாய்க்குக் கயிறு. இரண்டும் நடக்கவில்லை.

என் சம்சாரம் செல்வி விடவில்லை. கல்யாண மண்டபத்தில் ஸ்கேன் முகாம். பக்கவாதம் வருவதற்கு முன்பே கண்டுபிடிக்கிறார்களாம். கழுத்து, வயிறு, கால், மூன்று இடத்திலும் ரத்தக்குழாய் பார்க்கிறார்கள்.

"காசி அண்ணன் கெடக்குற கெடையப் பாத்துமா ஒங்களுக்குப் புத்தி வரல?" என்றாள்.

காசி என் ஸ்டாண்டில் ஜீப் ஓட்டியவன். கம்பத்திலிருந்து மலைமேட்டுக்கு மேல் இருக்கிற ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற அதே வேலை. இரண்டு மாதமாக வலது கை, கால் வராது. பேச்சு இல்லை. என்னைவிட இரண்டு வயது இளையவன். எனக்கு 53.

மண்டபத்தில் மணமகள் அறைதான் ஸ்கேன் அறை. கண்ணாடி முன்னால் கட்டில். சட்டையைக் கழற்றிப் படுத்தேன். கழுத்தில் ஏதோ பசை, ஐஸ் மாதிரி. டாக்டரம்மா கருவியை வைத்து அழுத்தினார். திரையில் சிவப்பும் நீலமும். பெட்டியிலிருந்து சத்தம்: புஷ், புஷ், புஷ். என் ரத்தம் ஓடுகிற சத்தமாம். 53 வருடம் அது ஓடியது எனக்குத் தெரியாது.

வலது பக்கம் சீக்கிரம் முடிந்தது. இடது பக்கம் முடியவில்லை. எடுத்தார், வைத்தார், திரும்ப எடுத்தார். சத்தம் மாறியது. புஷ் போய் விசில் மாதிரி.

"பீடி, சிகரெட் உண்டா?"

"பீடி."

"எத்தனை வருசமா?"

"கணக்கு இல்லைங்க."

காகிதத்தில் ஏதோ எழுதினார். ரிப்போர்ட் செவ்வாய்க்கிழமை. வெளியே செல்வி வரிசையில் நின்றவர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். சட்டைக் காலரில் பசை ஒட்டியிருந்தது.

செப்டம்பர் 16, செவ்வாய்

வானம் மூட்டம், மழை இல்லை. தோட்டத்திலிருந்து இறங்கி எல்லோரையும் விட்டுவிட்டு ஐந்தரைக்கு மண்டபம். ரிப்போர்ட் வாங்கினேன். அப்படியே நாங்கள் வழக்கமாகப் போகிற எங்கள் டாக்டரம்மா கிளினிக்.

அவர் படித்தார். மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். கழுத்தில் மேலே போகிற குழாய், அதில் சுவரோடு ஒட்டிய படிவு. இடது பக்கம் எழுபது சதவீதம் அடைப்பு.

"வலி ஏதாவது? கை மரத்துப் போறது, பேச்சுக் குழறுறது?"

"ஒண்ணும் இல்லைங்க. மூட்டை தூக்குறேன், மலை ஏறுறேன்."

"அதான் இதுல கஷ்டம். ஒண்ணும் தெரியாது. முகாம் ரிப்போர்ட்ட மட்டும் வச்சு முடிவு பண்ணக் கூடாது. மதுரையில போய் இன்னொரு தடவை பாக்கணும். மாத்திரையே போதும்னும் சொல்லலாம், ஆபரேஷன்னும் சொல்லலாம். ஆபரேஷன்லயும் ஆபத்து இருக்கு." பேனாவை மூடினார். "அதுவரைக்கும் வண்டி எடுக்காதீங்க முருகேசன். அதுவும் மலைப்பாதை."

"சரிங்க."

இரண்டு மாத்திரை. ஒன்று ரத்தம் உறையாமல் இருக்க, ஒன்று கொழுப்புக்கு. பீடி இன்றே நிறுத்த வேண்டும்.

வீட்டு வாசலில் செல்வி குடத்தோடு நின்றாள். "என்ன சொன்னாக?"

சொல்லத்தான் வந்தேன். சத்தியமாகச் சொல்லத்தான் வந்தேன்.

"ஒண்ணுமில்ல. நார்மல்."

குடத்தை இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள். "ரெண்டு நாளா சோறே எறங்கல எனக்கு" என்றாள்.

ரிப்போர்ட், மாத்திரை இரண்டும் ஜீப்பில், ஸ்பேனர் பெட்டிக்கு அடியில்.

செப்டம்பர் 17, புதன்

எடுத்துவிட்டேன் வண்டியை.

காலை ஐந்தரைக்கு முதல் ஆள் பாண்டியம்மா அக்கா. தோட்டத்துப் பெண்களுக்கு அவர்தான் தலைவி. யார் வருவது, யார் நிற்பது, முதலாளியிடம் பேசுவது எல்லாம் அவர். எப்போதும் முன் ஸீட், என் பக்கத்தில். அப்புறம் வரிசையாக மற்றவர்கள். மொத்தம் பதினான்கு பேர்.

ஏறும்போதே அக்கா: "ஒன் கழுத்துல ஒண்ணும் இல்லியாமே தம்பி! நேத்தே செல்வி சொல்லிட்டா."

பின்னால் ஒருத்தி: "அண்ணனுக்கு இரும்புக் கழுத்து." எல்லோரும் சிரிப்பு.

நானும் சிரித்தேன். முதல் வளைவில் கை வேர்த்தது. இருபத்தாறு வருடம் இந்தப் பாதை. ஒருநாளும் கை வேர்த்ததில்லை.

ஏன் நிறுத்தவில்லை? எழுதிப் பார்க்கிறேன்.

1. நான் நின்றால் பெண்கள் நிற்க மாட்டார்கள். நிற்கவும் முடியாது. காய் எடுக்கிற காலம். அடுத்த நாளே வேறு ஜீப்.
2. போன ஆள் திரும்பி வருவதில்லை. எனக்கு நன்றாகத் தெரியும். காசி விழுந்த நாலாம் நாள் அவன் ஆட்களில் ஆறு பேரை ஏற்றிக்கொண்டவன் நான்தான்.
3. ஜீப்பை விட்டால் எனக்கு என்ன தெரியும்?
4. ஒருவேளை ரிப்போர்ட் தப்பாக இருக்கலாம்.

நாலாவதைத்தான் நாள் முழுவதும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

மழை. மேட்டுக்கு ஏறும்போது மேலே ஒரு லாரி அச்சு முறிந்து குறுக்கே நின்றது. முன்னால் பஸ், பின்னால் வரிசையாக ஜீப். வலது பக்கம் பாறை. இடது பக்கம் பள்ளம். ஒன்றரை மணி நேரம். தார்ப்பாயை இறக்கிவிட்டார்கள். உள்ளே பதினைந்து பேர் மூச்சு, ஈரத்துணி வாடை, யாரோ உரித்த ஆரஞ்சு.

கழுத்தில் துடிப்பு தெரிகிறது. முன்பும் துடித்திருக்கும். இப்போது கேட்கிறது. விரல் வைத்துப் பார்த்தேன்.

"என்ன தம்பி, கழுத்துப் பிடிச்சுக்கிச்சா?"

"ஆமாக்கா. தலையணை சரியில்ல."

அக்கா தன் பையிலிருந்து தைலம் எடுத்து என் கழுத்தில், அதே இடது பக்கத்தில், அழுத்தித் தேய்க்க வந்தார். நான் கையைத் தட்டிவிட்டேன். வேகமாகத் தட்டிவிட்டேன் போல. அவர் முகம் சுருங்கிவிட்டது. தைலத்தை மூடிப் பையில் போட்டுக்கொண்டார்.

கழுத்தை அழுத்தக்கூடாது என்று கிளினிக் டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதை எப்படிச் சொல்வது?

பீடி நிறுத்தி மூன்று நாள். செல்விக்குச் சந்தோஷம். "நல்ல ரிசல்ட்டு வந்ததும் விட்டுட்டாக" என்று தன் தங்கைக்குப் போனில் சொல்கிறாள். தங்கை வீட்டுக்காரரையும் அடுத்த முகாமுக்கு அனுப்பப் போகிறாளாம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

வெயில். டயர் மாற்றினேன். காசி வீட்டுக்குப் போய் மூன்று வாரம் ஆகிவிட்டது. போனேன்.

கட்டிலைச் சன்னல் பக்கம் போட்டிருக்கிறார்கள். சுத்தமாக ஷேவ் செய்து, பவுடர் போட்டு. அவன் சம்சாரம் காபி கொடுத்தாள்.

"ஸ்கேன் எடுத்தீகளாமே அண்ணே. நல்லாருக்குன்னு சொன்னாக. இவுகளுக்கும் அப்பவே ஒண்ணு எடுத்திருந்தா... யாருக்குத் தெரியும் இப்பிடி ஒரு மிசின் இருக்குன்னு."

காசி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் புரிகிறது. எல்லாம் புரிகிறது, வாய்தான் வரவில்லை. இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தான். "பா... பா..." என்றான். பார்த்துக்கோ என்கிறானா, பாவி என்கிறானா. அவன் சம்சாரத்துக்கும் தெரியவில்லை.

அவனுக்கு அப்போது தெரிந்திருந்தால் தப்பித்திருப்பான். எனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்து என்ன செய்கிறேன்?

சில சமயம் அந்த முகாமின் மேல் கோபம் வருகிறது. சனிக்கிழமைவரை நான் நல்ல ஆள். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் படுத்து எழுந்தேன். உடம்பில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் அதற்கு முந்தின நாளுக்குத் திரும்பிப் போக வழியில்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

தோட்டத்தில் வெயில், கீழே மூட்டம். பெண்கள் காய் எடுக்கும் நேரத்தில் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போன். திங்கட்கிழமை 29 காலை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். செல்வியிடம் ஜீப்புக்கு ஸ்பேர் வாங்கப் போகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு நாள்தானே. இன்னும் நான்கு ட்ரிப் ஓட்டிவிட்டால் போதும்.

மனசு கேட்கவில்லை. மாலை இறங்கும்போது பாண்டியம்மா அக்காவிடமாவது சொல்லிவிடலாம் என்று, "அக்கா, ஒரு விசயம்" என்று ஆரம்பித்தேன்.

"நானும் ஒரு விசயம் சொல்லணும். மொதலாளி பேசுனாக. ஜீப்பு தவறாம வந்தா ஜனவரி வரைக்கும் நம்ம ஆளுகதானாம். நம்ம முருகேசன் இருக்கான், மழைக்கும் நிக்க மாட்டான்னு சொல்லிட்டு வந்திருக்கேன். நீ என்ன சொல்ல வந்த?"

"ஒண்ணுமில்லக்கா. திங்கக்கெழம ஒருநாள் வேற ஜீப்பு சொல்லிவிடுறேன். மதுரையில வேல."

"ஒருநாளுதான?"

"ஒருநாளுதான்."

செப்டம்பர் 25, வியாழன்

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

காலை ஆறே கால். பாதி மலை. நல்ல பனி. வளைவுக்கு முன்னால் இடது பக்கம் பனி கூடுதலாக இறங்குகிற மாதிரி இருந்தது. வைப்பரைப் போட்டேன். போகவில்லை. துணியால் கண்ணாடியைத் துடைத்தேன். போகவில்லை. பனி அசையவும் இல்லை. மேலிருந்து கீழே, கடை ஷட்டரை இழுத்துவிடுகிற மாதிரி இறங்கிக்கொண்டே வந்தது. வலது கண்ணை மூடிப் பார்த்தேன்.

இருட்டு.

இடது கண் இல்லை.

பிரேக். பாறைப் பக்கமாக ஒதுக்கினேன். முதல் கியர், ஹேண்ட் பிரேக். "எல்லாரும் எறங்குங்க. சக்கரத்துக்குக் கல்லு வைங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. பின்னால் ராணி, கடைசி ஸீட்டில் உட்காரும் பெண், கத்திவிட்டாள். வண்டி பள்ளத்துக்குப் போகிறது என்று நினைத்தாளாம். குதித்து, முட்டியில் அடி. ரோட்டோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

மூன்று, நான்கு நிமிடம் இருக்கும். ஷட்டர் மெதுவாக மேலே ஏறியது. மரம் தெரிந்தது. பாண்டியம்மா அக்காவின் முகம் தெரிந்தது.

"என்ன செய்யுது தம்பி? நெஞ்சு வலிக்கா?"

சொல்லிவிட்டேன். பனியில் நின்று பதினான்கு பேர் முன்னால். கழுத்து, எழுபது சதவீதம், ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னது, நார்மல் என்று நான் சொன்னது.

அக்காதான் கேட்டார். "என்னைக்கு ரிப்போட்டு வந்துச்சு?"

"போன வாரம் செவ்வாய்."

விரல் விட்டு எண்ணினார். "புதன், வியாழன், வெள்ளி, சனி. திங்கள், செவ்வாய், புதன். இன்னைக்கி எட்டாவது நாளு. எட்டு நாளு எங்களத் தூக்கிட்டு இந்த மல ஏறியிருக்க."

"அக்கா..."

"பேசாத. எனக்கு ரெண்டு பேத்தி இருக்கு. அந்தா நிக்கிறா பாரு, அவ வீட்டுல பாலு குடிக்கிற பிள்ள இருக்கு. நீ கட்டுன பொஞ்சாதிட்ட பொய் சொல்லு, அது ஒன் பாடு. எங்கள என்னன்னுடா நெனச்ச? மூட்டையா?"

என் வண்டியில் வருகிற ஏழு வருடத்தில் என்னை 'டா' சொன்னது இல்லை.

சாவியை உருவிக்கொண்டார். செல்விக்குப் போன் போட்டார். என்னை ஒரு கல்லில் உட்கார வைத்து, ஒரு பெண்ணை என் பக்கத்தில் நிற்கச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். கோபத்தோடேயே கொடுத்தார். கீழிருந்து பெண்களை மேலே ஏற்றிப் போக வேறு ஜீப் வந்தது. அந்த டிரைவரோடு வந்தவர் என் ஜீப்பை எடுத்தார். என் வண்டியிலேயே, நான் பின் ஸீட்டில், ஆளாக இறங்கினேன்.

ராணியைத்தான் வேறு ஜீப்பில் ஏற்ற முடியவில்லை. மேலேயும் போகவில்லை. நொண்டிக்கொண்டே நடந்து இறங்குகிறேன் என்றாள். கூட ஒருத்தி நடந்தாள்.

செப்டம்பர் 26, வெள்ளி

மதுரையில் சேர்த்துவிட்டார்கள். திங்கட்கிழமைவரை காத்திருக்கக் கூடாது என்று எங்கள் டாக்டரம்மாவே பேசி அனுப்பினார். காரில் உசிலம்பட்டி தாண்டியதும் செல்வி கேட்டாள்:

"மாத்திரைய எங்கன வச்சிருந்தீக?"

"ஸ்பேனர் பெட்டிக்கு அடியில."

அவ்வளவுதான். அதற்குமேல் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இங்கேயும் முதலில் ஸ்கேன். அதே பசை, அதே விசில். பிறகு ஊசி போட்டு இன்னொரு படம். முகாம் ரிப்போர்ட் தப்பில்லை. அடைப்பு அதைவிடக் கூடத்தான் இருக்கிறது.

பெரிய டாக்டர்: "கண்ணு மறைச்சதே எச்சரிக்கை. அடுத்தது இப்படி விட்டுட்டுப் போகும்னு சொல்ல முடியாது. குழாயைத் திறந்து படிவை எடுத்துடலாம். செவ்வாய்க்கிழமை."

"ஆபத்து?"

"இருக்கு. ஆபரேஷன் நடக்கும்போதே பக்கவாதம் வர வாய்ப்பிருக்கு. கம்மிதான். செய்யாம விட்டா அதைவிட அதிகம்."

எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே காசி கிடக்கிறான்.

செப்டம்பர் 29, திங்கள்

மதுரை வெக்கை. பெட் சன்னலில் தெரிவது எதிர்ச் சுவர், ஒரு பைப், ஒரு புறா. கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. மலையே பரவாயில்லை.

ஃபாரம் வந்தது. கை, கால், பேச்சு, உயிர் எல்லாம் வரிசையாகப் போட்டிருக்கிறது. கையெழுத்து நான் போட்டேன். சாட்சிக்குச் செல்வி. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூன்று நாளில் முதல் தடவையாக என் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"பயமா இருந்துச்சாக்கும், சொல்றதுக்கு."

"ஆமா."

"எனக்கும் இப்ப பயமாத்தான் இருக்கு. நான் சொல்லிட்டேன்ல?"

அக்டோபர் 1, புதன்

உயிரோடு இருக்கிறேன். எழுத்து கோணுகிறது, ஊசி குத்திய கை.

நேற்று ஆபரேஷனுக்கு முழு மயக்கம் கொடுக்கவில்லை. கழுத்தை மட்டும் மரக்க வைத்தார்கள். முகத்தின் மேல் துணி. வலது கையில் ரப்பர் பொம்மை ஒன்றைக் கொடுத்தார்கள், அமுக்கினால் கீச் என்று கத்துகிற சாமான். சொல்லும்போதெல்லாம் அமுக்க வேண்டும். அமுக்க முடியவில்லை என்றால் மூளைக்கு ரத்தம் போகவில்லை என்று அர்த்தம். தலைமாட்டில் மயக்க டாக்டர், சின்ன வயசுப் பெண்.

"குழாயை அடைக்கப் போறாங்க. பேசிக்கிட்டே இருங்க ஐயா."

"என்னத்தப் பேச?"

"எதையாவது. வீட்டுல யார் யாரு இருக்காங்க?"

செல்வி என்றேன். அதோடு வீடு முடிந்துவிட்டது. பேசுங்க பேசுங்க என்கிறார். அதனால் ஜீப்பில் ஏறுகிற வரிசையில் சொல்ல ஆரம்பித்தேன். முன்னால் பாண்டியம்மா. அவருக்கு அடுத்து முத்துலட்சுமி. நடு ஸீட்டில் ஈஸ்வரி, பெரிய ஈஸ்வரி, தங்கம், ஜெயா. பின்னால் வலது பக்கம் லட்சுமி, சரசு, மாரியம்மா, பேச்சி. இடது பக்கம் வீரம்மா, கலா, சுந்தரி, ராணி. முடிந்ததும் திரும்ப முன் ஸீட்டிலிருந்து. கீச். திரும்பவும். கீச்.

"யாருய்யா இவங்கல்லாம்?"

"என் வண்டியில வர்ற ஆளுங்க."

இனி என் வண்டியில் வரப் போவதில்லை. அதைச் சொல்லவில்லை.

இன்று ஆயுத பூஜை. நர்ஸ்கள் ஸ்கேன் மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்துப் பூ சுற்றியிருக்கிறார்கள். தள்ளிக்கொண்டு வந்து கழுத்தில் வைத்துப் பார்த்தார்கள். விசில் இல்லை. புஷ், புஷ். செல்வியையும் கேட்க வைத்தார் டாக்டர். அவள் கேட்டுவிட்டு வெளியே போய்விட்டாள். அழுவதற்கு.

என் ஜீப் வீட்டு வாசலில் பூ இல்லாமல் நிற்கும்.

அக்டோபர் 4, சனி

தையல் இழுக்கிறது. தலையைத் திருப்ப முடியாது. ஆளைப் பார்க்க உடம்போடு திரும்ப வேண்டும். நாளை வீட்டுக்கு. வண்டி? பெரிய டாக்டர் சிரித்துவிட்டு, "மூணு மாசம் கழிச்சு வாங்க, பேசலாம்" என்றார். பேசலாம் என்றுதான் சொன்னார்.

மாலை பாண்டியம்மா அக்காவுக்குப் போன் போட்டேன். நான்கு தடவை எடுக்கவில்லை. ஐந்தாவது தடவை எடுத்தார். பின்னால் ஜீப் சத்தம், காற்று. இறங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

"என்ன?"

"நல்லாயிருச்சுக்கா. நாளைக்கு வந்துருவேன்."

"செல்வி சொன்னா. கை காலு வருதா?"

"வருது."

"சரி."

"பதினாலு பேரும் சுகமாக்கா?"

"பதிமூணு."

எனக்கு விளங்கவில்லை.

"ராணி வரல. அன்னைக்கோட நிப்பாட்டிட்டா. முட்டி ஆறிப் போச்சு. ஜீப்புச் சத்தம் கேட்டாலே ஒடம்பு நடுங்குதாம். இங்கனயே திராட்சத் தோட்டத்துக்கு நடந்து போறா. கெடைக்கிற அன்னைக்கி வேல."

"நான் போயி அவகிட்ட பேசட்டுமா?"

"போயி என்ன சொல்லுவ?"

பதில் சொல்வதற்குள் வளைவு வந்துவிட்டது போல, லைன் போய்விட்டது.

போக வேண்டும். நாளைக்கு இல்லாவிட்டால் மறுநாள். ஆனால் ராணியின் வீடு எது என்று எனக்குத் தெரியாது. ஏழு வருடமாக மெயின் ரோட்டில் வந்து நிற்பாள், ஹாரன் அடிப்பேன், ஏறிக்கொள்வாள். செல்வியிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.